ஐம்பதாயிரம் மடங்கு

ஜூன் 18, திங்கள்

இடமாற்ற விண்ணப்பத்தை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். பனிக்கோம்பைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஊர்ப்பக்கம் வானிலை அலுவலகம் ஒன்றில் ஆகஸ்டில் ஓர் இடம் காலியாகிறதாம். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். கிடைத்துவிட்டால் ஷைனி காலையில் கண்விழிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அவளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். இதுவரை எல்லாப் பற்களும் நான் இல்லாதபோதுதான் முளைத்த மாதிரி இருக்கிறது. இது நியாயமில்லாத கணக்கு என்று தெரியும், ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

விண்ணப்பத்தில் ஒரு வரி கேட்டிருந்தார்கள்: "பணியில் குறிப்புகள் ஏதும் உண்டா?" இல்லை என்று எழுதினேன். குறிப்பு என்றால் கரும்புள்ளி. என் பெயரில் ஒன்றுமில்லை.

மூடுபனி பகல் முழுக்க அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நாற்காலி ஒன்றுதான் கொடுக்கவில்லை.

ஜூன் 21, வியாழன்

இன்று வடக்கு வீட்டார் ஒன்று போட்டார்கள்.

உலகத்தில் இரண்டு பெரிய வீடுகள் இருக்கின்றன. வடக்கே ஒன்று, கடல் தாண்டி ஒன்று. நான் அவர்களை வடக்கு வீட்டார், அக்கரை வீட்டார் என்றுதான் சொல்வேன். இருவரும் ஒருவரை ஒருவர் அழிக்கும் அளவுக்கு அணுகுண்டு வைத்திருக்கிறார்கள். "நீ போட்டால் நானும் போடுவேன்" என்ற பயத்தில் இருவருமே போடாமல் இருக்கிறார்கள். ஆனால் சரக்கு கெட்டுப்போகவில்லை என்று காட்டவேண்டும் அல்லவா, அதற்காக அவரவர் நிலத்தடியில் அவ்வப்போது வெடித்துப் பார்ப்பார்கள். இவ்வளவுக்கு மேல் பெரியதை வெடிப்பதில்லை என்று இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் முற்றத்தில் மற்றவர் போய் அளக்க முடியாது. தூரத்திலிருந்து காது வைத்துக் கேட்பதுதான் வழி.

அந்தக் காதுகளில் ஒன்று எங்கள் நிலையம். நிலநடுக்கம் பதிவுசெய்யத்தான் இதைக் கட்டினார்கள். ஆனால் பூமிக்கு, தானாகக் குலுங்கியதா ஆள் குலுக்கியதா என்ற பேதமில்லை. வடக்கிலிருந்து அதிர்வு வர ஏழரை நிமிடம். அக்கரையிலிருந்து பூமியின் வயிற்றுக்குள் புகுந்து வர இருபது நிமிடம்.

கருவியின் ஒளிப்புள்ளி நாள் முழுக்க வரைந்த படத்தாளைச் சிவப்பு விளக்கில் டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டும்போது, வெறும் வெள்ளையிலிருந்து கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென ஓரிடத்தில் கோடு சிலிர்த்துக்கொள்ளும். இன்றைக்குச் சிலிர்த்தது சுண்டுவிரல் நகம் அளவு.

ஜூன் 25, திங்கள்

கூடலிங்கம் சாரைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

இந்த நிலையத்தில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அவர் கம்பம் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வருடம் இங்கேயே. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். தாள் மாற்றுவது, பெருக்கம் குறிப்பது என் வேலை. கடிகாரம் அவர் வேலை. தினமும் காலை வானொலியில் வரும் நேரக்குறியைக் கேட்டு, எங்கள் கடிகாரம் எத்தனை பத்தில் ஒரு நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதவேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கையெழுத்து இருக்கும்.

காலை வணக்கம் சொன்னால் திரும்பமாட்டார். மூன்று தடவை "சார்" என்று கூப்பிட்டால் ஒரு தடவை முகம் காட்டுவார். தொலைபேசி அலறினாலும் எடுக்கமாட்டார். கருவி இருக்கும் நிலவறையிலிருந்து நான் ஓடிவந்து எடுக்கவேண்டும். அவர் ஜன்னலோரம் பேரிக்காய்ச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் என்ன இவருக்கு ஆபரேட்டர் வேலைக்கா வந்தேன்? இன்று வேண்டுமென்றே அவருக்கு டீ போடவில்லை.

ஜூன் 30, சனி

பேய்க்காற்று. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் அரபிக்கடலின் அலை மோதுவதுகூட இங்கே தாளில் தெரியும். கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துவிடும். அந்த நாட்களில் பெருக்கத்தைக் குறைக்கவேண்டும். வழக்கமாக நிலத்தின் அசைவை ஐம்பதாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி. குமிழை ஒரு சுற்றுத் திருப்பினால் இருபத்தைந்தாயிரம்.

பதிவேட்டில் இருபத்தைந்து என்று எழுதிவிட்டு, குமிழில் கையை வைத்தபோது தொலைபேசி அடித்தது. வழக்கம்போல் அவர் எடுக்கவில்லை. ஓடினேன். பாளையங்கோட்டை டிரங்க் கால். ஷைனியின் அப்பாதான், இவர் பேசினார். ஷைனிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. ரிசீவரை அவளிடம் கொடுத்தார். "அம்மா கிட்டப் பேசு" என்று அவர் சொல்வது கேட்டது. அவள் தெளிவாகக் கேட்டாள்: "அம்மா அடுப்படில இருக்கால்லா, பொறவு இது யாரு?"

அடுப்படியில் இருந்தது ரோஸ்லின் மைனி, இவருடைய அக்கா. பிள்ளையை வளர்ப்பவர்.

மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. நிலவறைக்குத் திரும்பி, சோதனைத் துடிப்பை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 1, ஞாயிறு

நேற்றைய தாளில் வடக்கு வீட்டாருடையது ஒன்று இருந்தது. பெரியது. கோடும் தடித்திருந்தது. இருபத்தைந்தில் வைத்தும் இவ்வளவு தடிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

உயரத்தை அளந்து, பெருக்கத்தால் வகுத்து, தலைமையகத்துக்குத் தந்தி கொடுத்தேன். இதுவரை நாங்கள் அனுப்பியதிலேயே பெரிய எண்.

மைனி நல்லவர். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 2, திங்கள்

காற்று நின்றுவிட்டது. குமிழைத் திருப்பப் போனால் அது ஏற்கெனவே ஐம்பதில் இருந்தது. கூடலிங்கம் சார் திருப்பியிருப்பார்.

ஜூலை 5, வியாழன்

அவரைப் பிடித்துவிட்டேன்.

காலையில் அவர் வானொலிமுன் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, விரலால் மேசையில் தட்டிக் கணக்குப் பார்த்து, பதிவேட்டில் திருத்தம் எழுதினார். தவத்தில் இருக்கிற முனிவர்போல முகம். அவர் செடிகளுக்குப் போனபின், செய்தி கேட்கலாம் என்று நான் வானொலியைத் திருகினேன். ஒரு கீச்சுக்கூட இல்லை. பின்மூடியைத் திறந்தால் மின்கலங்கள் பொங்கி வழிந்து பச்சை பூத்துக் கிடந்தன. குறைந்தது ஒரு வாரமாகச் செத்த வானொலி அது.

செத்த வானொலியில் ஒரு வாரம் நேரம் கேட்டு, பத்தில் ஒரு நொடிவரை சுத்தமாக எழுதியிருக்கிறார். என்ன நடிப்பு. யாரும் பார்க்காதபோதும் எதற்கு அந்த ஹெட்போன் வேஷம் என்றுதான் விளங்கவில்லை.

புது மின்கலம் போட்டேன். பழையதை என் மேசை இழுப்பறையில் போட்டேன். கையில் ஒன்று இருக்கட்டும்.

ஜூலை 9, திங்கள்

கையில் இருந்ததை எடுக்கவேண்டி வந்துவிட்டது.

மதியம் அவர் முப்பதாம் தேதித் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார். தாளின் தொடக்கத்தில் சோதனைத் துடிப்பு. அதைத் தினமும் நாங்கள்தான் அனுப்புகிறோம், அளவு தெரிந்த ஒரு சின்னத் தட்டு. ஐம்பதாயிரத்தில் அது நான்கு சென்டிமீட்டர் எழும்பும், இருபத்தைந்தில் இரண்டு.

"இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க மேடம். துடிப்பு நாலு சென்டி நிக்கிது."

நான் ஸ்கேலை எடுக்கவில்லை. ஸ்கேல் தேவையில்லை என்று ஜூலை முதல் தேதியே எனக்குத் தெரியும். இதை இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. குமிழை நான் திருப்பவில்லை. இருபத்தைந்தால் வகுத்ததால் குண்டு உள்ளபடிக்கு இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.

மேசை இழுப்பறையிலிருந்து பச்சை பூத்த மின்கலத்தை எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்தது. பிறகு தாளைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, "நீங்க ஒங்க தாளப் பாத்துக்கங்க, நான் என் கடியாரத்தப் பாத்துக்கிர்றேன்" என்றார்.

சாயங்காலம் இருவருக்கும் டீ போட்டேன்.

ஜூலை 14, சனி

ஐந்து நாட்களாக அலுவலகத்தில் அப்படி ஓர் அமைதி. கதவைச் சாத்தும்போதுகூட இருவரும் மெல்லச் சாத்துகிறோம். அவர் எனக்குப் பேரிக்காய் கொடுத்தார், நான் ஊறுகாய் கொடுத்தேன். இரண்டு பேருமே ஒருவர் கொடுத்ததை ஒருவர் தின்னவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போதுதான் அந்த இரண்டு வீட்டாரும் எப்படி இருப்பார்கள் என்று தெரிகிறது. சண்டை இல்லை, சரி. இதற்குப் பெயர் சமாதானம் என்றால் அந்தப் பேரிக்காய் ஏன் இன்னும் என் மேசையிலேயே கிடக்கிறது?

பேப்பர் நேற்றையது, இன்றுதான் மலையேறி வந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு செய்தி. வடக்கு வீட்டார் ஒப்பந்த அளவை மீறி வெடித்துவிட்டதாக அக்கரை வீட்டார் குற்றம்சாட்டுகிறார்கள். நாள் ஜூன் முப்பது. அவர்கள் மீறினால் நாங்களும் சும்மா இருக்கமாட்டோம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டேன்.

ஜூலை 17, செவ்வாய்

தலைமையகத்திலிருந்து பதிவுத்தபால். பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து அந்த வெடிப்பின் அளவைக் கணக்கிடுகிறார்களாம். எல்லா நிலையங்களிலும் எங்கள் எண்தான் மிகப் பெரியது என்பதால் மூலத்தாளை அனுப்பவேண்டும். உடன் ஒரு சான்று: பெருக்கமும் நேரமும் சரி என்று இரண்டு பேரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள்.

அதே உறையில், அதே அதிகாரியின் கையால் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. என் இடமாற்றக் கோப்பு அவர் மேசைக்கு வந்துவிட்டதாம். பெரும்பாலும் ஆகிவிடும், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்.

நல்ல மனிதர். நல்ல மனிதர்களெல்லாம் எனக்கென்றே வாய்க்கிறார்கள்.

ஜூலை 18, புதன்

கனவு. டெவலப்பர் தட்டில் தாளை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கோடுகளுக்குப் பதில் ஷைனியின் முகம் எழுந்து வருகிறது. முதலில் புருவம், பிறகு மூக்கு. கறுப்பதை நிறுத்தும் ஹைப்போவில் போடுவதற்குள் இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும் என்று காத்திருக்கிறேன். கறுத்துக்கொண்டே போகிறது. நிறுத்தவேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. தாள் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

விழித்தபோது விடிந்திருந்தது. ஜன்னலில் பனி. இங்கே விழித்ததற்கும் விழிக்காததற்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

ஜூலை 20, வெள்ளி

அவரிடம் பேசினேன். முகத்துக்கு நேராக நின்று பேசினால்தான் பதில் வருகிறது என்பதை இந்தப் பதினைந்து மாதத்தில் பழகிக்கொண்டேன். உண்மையை எழுதி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன்.

வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கம் தப்பு என்று ஒரு வரி போனால், ஆய்வுக்கு ஆள் வருவார்கள், அந்தத் தாளில் எதையும் விடமாட்டார்கள், கடிகாரத் திருத்தமும் வெளிவரும் என்று சொன்னார். அது எனக்கும் தெரியும். அவர் கையெழுத்தைத் தொடாமல் என் கையெழுத்தை மட்டும் திருத்தமுடியாது. இரண்டும் ஒரே தாள்.

உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் நிலையம் இருக்கிறது, நம் எண் ஒன்று பெரிதாக இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்றும் சொன்னார். இருக்கலாம். தள்ளாமலும் இருக்கலாம். யாரோ ஒருவர் மேசையில், ஆமா இல்லையா என்று ஊசலாடிக்கொண்டிருக்கிற நேரத்தில், பனிக்கோம்பை என்று ஒரு பெயரும் அதற்கு நேரே ஒரு எண்ணும் இருக்கும். அவர் என்னை நம்புவார். எதிரி சொன்னால் நம்பமாட்டார், என்னை நம்புவார். அதற்காகத்தானே எங்களை இந்த மலையில் வைத்திருக்கிறார்கள்.

"ரெண்டு வருசம் மேடம்" என்றார் போகும்போது. அதட்டலா, கெஞ்சலா என்று சொல்லமுடியாத குரல். எப்போதுமே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுகிறார்.

ஜூலை 21, சனி

காலை பத்து மணிக்கு ஒரு யூகலிப்டஸ் கிளை முறிந்து அலுவலகத் தகரக்கூரைமேல் விழுந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். சுவரிலிருந்த காலண்டர் கழன்று விழுந்தது. தாளில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கூடலிங்கம் சார் ஜன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்து, கூர்மையை விரலில் தொட்டுப் பார்த்து, சட்டைப்பையில் செருகினார். திரும்பவே இல்லை.

காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலை வணக்கங்கள், தொலைபேசி, செத்த வானொலி முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்த முகம். அவர் நடிக்கவில்லை. அந்த வானொலி உயிரோடு இருந்ததும் செத்துப்போனதும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நான் ஒரு மடச்சி. பதினைந்து மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஏழரை நிமிடத் தொலைவில் நடப்பதையெல்லாம் கேட்டேன்.

ஜூலை 22, ஞாயிறு

ஜெபிக்க உட்கார்ந்தேன். ஷைனி பெயரைச் சொல்லிவிட்டு அதற்குமேல் ஓடவில்லை.

ஜூலை 23, திங்கள்

எழுதிவிட்டேன். ஐந்து தடவை கிழித்து, ஆறாவது:

"30.6 தாளில் பெருக்கம் இருபத்தைந்தாயிரம் என்று நான் குறித்தது தவறு. நான் குமிழைத் திருப்பவில்லை. சோதனைத் துடிப்பு நான்கு சென்டிமீட்டர் உள்ளது. அனுப்பிய அளவைப் பாதியாகக் கொள்ளவும். இது ஜூலை முதல் தேதியே எனக்குத் தெரியும். பியூலா."

கடைசி வாக்கியத்தைத் தவிர்த்திருக்கலாம். மறதி என்றால் ஒரு மெமோவோடு போய்விடும், மறைத்தது என்றால் இடமாற்றம் போய்விடும். எழுதும்போது அவள் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது, "பொறவு இது யாரு?" பேனாவை மூடிவிட்டு அழுதேன். அந்த வாக்கியத்தை அடிக்கவில்லை.

அவர் எதிரே போய் நின்று, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். "என் தப்ப மட்டும்தான் எழுதிருக்கேன் சார். உங்களத நான் எழுத மாட்டேன். அவங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

நான் மெதுவாகப் பேசிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்கும். காகிதத்தை வாங்கி வாசித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே போய்விட்டார். கிழித்துவிடுவாரோ என்று நினைத்தேன். பனிக்குள் அவர் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். காகிதம் ஈரமாகியிருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் மூன்று வரி: "அன்றைய கடிகாரத் திருத்தம் நேரக்குறி கேட்டு எழுதியதல்ல. மனக்கணக்கு. எனக்குக் காது கேட்பதில்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்க்காமல் பேரிக்காய் ஒன்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமாச்சு தாயி. ஒருத்தர்ட்டயும் சொல்லல. எங்க வீட்ல கூட, மனுசன் வயசாக வயசாகச் சிடுமூஞ்சி ஆயிட்டான்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கா. நான் அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பேரிக்காயை இரண்டாக நறுக்கி ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். தின்றோம். காயாகத்தான் இருந்தது.

ஜூலை 24, செவ்வாய்

மதியத் தபாலில் போய்விட்டது. பாளையங்கோட்டைக்கு, இவருக்கும் ஒரு கடிதம் எழுதினேன், ஆகஸ்டில் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று.

ஆகஸ்ட் 3, வெள்ளி

கடிகாரம் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஹெட்போனை நான் மாட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு நொடிக்குறிக்கும் விரலை மேசையில் தட்டுகிறேன், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, நிமிடம் பிறக்கும்போது கையைத் தூக்குகிறேன். அவர் என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு, தாளில் நேரக்குறி விழும் பொத்தானை அழுத்துகிறார். முதல் நாள் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

பதிலுக்கு, குமிழில் நான் கை வைத்தால் பக்கத்தில் வந்து நின்று எண்ணைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அவர் பதிவேடுகளைப் பழையதும் புதியதுமாக ஒத்துப் பார்த்தேன். மனக்கணக்கில் அவர் எழுதிய திருத்தம் எதுவும் அரைநொடிக்குமேல் தப்பவில்லை. அதைச் சொன்னேன். "அந்தக் கடியாரத்தோட கூடப் பொறந்தவன் மாதிரி நான்" என்றார்.

ஆகஸ்ட் 16, வியாழன்

ஆய்வுக்கு வந்தவர் நேற்றும் இன்றும் இருந்துவிட்டுப் போனார். அலமாரி முழுவதையும் இறக்கினார். குறை சொல்ல வேறொன்றும் கிடைக்காதது அவருக்கே ஏமாற்றம் போலிருந்தது.

ஆகஸ்ட் 29, புதன்

உத்தரவுகள். எனக்கு: தவறை மறைத்ததற்காகக் குறிப்பு. இடமாற்றம் ஓராண்டுக்கு இல்லை. கூடலிங்கம் சாருக்கு: அக்டோபரில் மருத்துவக் குழு முன்னால் நிற்கவேண்டும். அனேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

அதே தபால் கட்டில் ஒரு வரி: பனிக்கோம்பையின் திருத்திய அளவு சேர்த்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 8, சனி

பேப்பரில் வந்திருக்கிறது. அறிஞர்கள் கூடிப் பார்த்ததில் ஜூன் முப்பது வெடிப்பு ஒப்பந்த அளவுக்குள்தான் இருக்கும்போல் தெரிகிறதாம். அக்கரை வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் குரல் இறங்கியிருக்கிறது. நாங்கள் போட்ட ஒரு வரியாலா, நாங்கள் இல்லாமலே ஆகியிருக்குமா? யாரும் சொல்லப்போவதில்லை. சோப்பு விளம்பரத்துக்கு மேலே, மூன்று அங்குலச் செய்தி. வெட்டி எடுத்து அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, பாதியளவு புன்னகைத்தார்.

செப்டம்பர் 22, சனி

காலாண்டு விடுமுறைக்கு இவர் ஷைனியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று பஸ் மாறி, இரண்டு தடவை வாந்தி எடுத்து, பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டர் நடந்து வந்தது. அவர் காலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டினால் அழுவாள் என்று பயம்.

ராத்திரி அப்பா பக்கம்தான் படுப்பேன் என்றாள். சரி என்றேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

என் கூடவே சுற்றினாள், ஆனால் இரண்டடி தள்ளி. நிலவறைக் கதவைக் காட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். பூமி அசைந்தால் எழுதி வைக்கிற பெட்டி என்றேன். அவள் யோசித்தாள்.

"நான் அசைஞ்சா எழுதுமா?"

கதவருகே யாரும் அழுத்தி நடக்கக்கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி. நானே இத்தனை மாதமும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன். கூடலிங்கம் சார் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குதிக்கச் சொல்லுங்க தாயி. ஓரத்துல குறிச்சிக்கிடலாம்" என்றார்.

குதித்தாள். முதலில் மெல்ல, என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டுக்கொண்டே. பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஸ்வெட்டர் வயிற்றுக்கு மேலே ஏற, மூச்சு வாங்க. பதினோராவது தடவை சறுக்கி உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அம்மா, இதையும் எழுதும்லா?" என்றாள்.

அம்மா என்றாள். சுற்றிப் பார்த்தேன், மைனி அங்கே இல்லை.

செப்டம்பர் 24, திங்கள்

ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். ஜன்னலில் கை அசைத்தாள், யாருக்கு என்று தெரியாத மாதிரி பொதுவாக. வளைவு திரும்பும்வரை நின்றேன். எட்டரைக்குத் தாள் மாற்றவேண்டும்.

சிவப்பு விளக்கில் தட்டை ஆட்டினேன். கோடுகள் எழுந்து வந்தன. காலைப் பக்கத்தில் வடக்கு வீட்டாரோ அக்கரை வீட்டாரோ போட்ட ஒன்று, அரிசி மணி அளவு. மாலைப் பக்கத்தில் பத்து சிலிர்ப்பு, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம். பதினோராவது இரண்டாகப் பிரிந்திருந்தது, முதலில் கால், பிறகு உட்கார்ந்தது. சரியான நேரத்தில் எடுத்து ஹைப்போவில் போட்டேன்.

காய்ந்தபின் துடிப்பை அளந்தேன். நான்கு சென்டிமீட்டர். பெருக்கம் ஐம்பதாயிரம் என்று எழுதினேன். ஓரத்தில் குறித்தேன்: "4.12 முதல் 4.13 வரை நிலநடுக்கமல்ல. ஷைனி, வயது நான்கு. பதினோரு முறை குதித்தது, கடைசியில் விழுந்தது."

கூடலிங்கம் சார் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். நேரம் சரி என்று கீழே கையெழுத்துப் போட்டார். ஆய்வுக்குப் பிறகு மூலத்தாள்களை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. மதியத் தபாலில் தலைமையகத்துக்குப் போகிறது.